டபராவைக் காணோம்

போன மார்கழியிலிருந்து எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒருவர் குறைந்துவிட்டார். பயப்பட வேண்டாம், ஆள் நலமாகத்தான் இருக்கிறார். எங்கள் வயதில் "ஒருவர் குறைந்துவிட்டார்" என்று எழுதினால் நண்பர்கள் உடனே போன் போட்டு "யாரு? எப்போ எடுக்கறாங்க?" என்று கேட்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு, சண்முகம் சாலை மார்க்கெட் விழித்துக்கொள்ளும் நேரத்துக்கு ஒரு கடையில் காபி குடித்துவிட்டு வீடு திரும்புவோம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு இதுதான் ஆபீஸ். நடை என்பது டாக்டருக்காக. காபியும் பேச்சும் எங்களுக்காக.

குறைந்தவர் ஹெச்.எம். சார். அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 78. ஏழெட்டு வருடமாக அவருக்குக் கை நடுக்கம். "பார்க்கின்சன் இல்லை, பயப்படாதீங்க, வயசானா சில பேருக்கு வர்ற நடுக்கம்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. பேனா பிடித்தாலோ டம்ளர் தூக்கினாலோ உதற ஆரம்பிக்கும்.

ஆனாலும் பல வருடம் எங்களோடு நின்று காபி குடித்தவர்தான். எப்படி என்றால், டபராவின் உதவியால். இடது கையில் டபராவை மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொள்வார். வலது கையால் டம்ளரை அதற்கு மேலேயே பிடித்து உறிஞ்சுவார். கை உதறி நாலு சொட்டு சிந்தினால் டபராவில்தான் விழும். கடைசியில் டபராவில் சேர்ந்ததையும் அலட்டிக்கொள்ளாமல் குடித்துவிட்டு வைப்பார். சட்டையில் ஒரு பொட்டு இருக்காது. அவருக்கு நடுக்கம் என்று கடையில் நின்ற மற்றவர்கள் யாருக்கும் தெரியவே தெரியாது. எங்களுக்கே சில நாள் மறந்துபோகும்.

பிறகு கடைக்குப் புது போர்டு வந்தது. பெரிய எழுத்தில் "டிகிரி காபி". பக்கத்தில் ஆவி பறக்கும் பித்தளை டபரா டம்ளர் படம், ரொம்ப அழகாக. அந்த போர்டுக்குக் கீழே நின்று காபி கேட்டால் கையில் தந்தது காகிதக் கப். எவர்சில்வர் செட்டெல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போய்விட்டது.

ஹெச்.எம். சார் இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் கப்பை இறுக்கிப் பிடித்தார். இறுக்கினால்தான் நடுக்கம் கொஞ்சம் அடங்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. டம்ளரானால் இறுக்கலாம். காகிதக் கப் நசுங்கியது. சூடான காபி விரல் மேலும் வெள்ளைச் சட்டை மேலும் கடை மேஜை மேலும் கொட்டியது. துடைக்க வந்த பையன், "பெருசு, பாத்துக் குடிக்கக் கூடாதா? இப்பத்தான் தொடச்சேன்" என்றான். பையனைக் குறை சொல்ல மாட்டேன். விடிகாலை 4 மணியிலிருந்து நிற்கிறவன். ஆனால் நாற்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி உட்கார வைத்த மனிதர், ஒன்றும் பேசாமல் கைக்குட்டையால் அந்த மேஜையைத் துடைத்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாளிலிருந்து வரவில்லை. கேட்டால், "வேற பக்கம் நடக்கறேன் சார், இங்க தூசி" என்றார். அவர் எந்தப் பக்கமும் நடக்கவில்லை என்பதை அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இதைச் சொன்னால் "ஒரு டபராவுக்கா இவ்வளவு?" என்று சிரிக்கிறார்கள். என் மகனும் சிரித்தான். சிரிக்கட்டும். இன்று டபராவின் கட்சி பேசுவது என்றே உட்கார்ந்திருக்கிறேன்.

டபரா காபி ஆற்றுவதற்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆற்றுவதற்கும்தான். அகலமான வாயில் ஊற்றினால் காற்றுப் படும் பரப்பு கூடும், சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால் ஆற்றி முடித்த பிறகும் டபராவை யாரும் கீழே வைத்துவிடுவதில்லையே, ஏன்? டம்ளருக்கு அடியில் அது இருந்தாக வேண்டும். நிரம்பி வழிகிற நுரையையும் டம்ளர் வெளிப்பக்கம் இறங்குகிற சொட்டையும் ஏந்திக்கொள்ள அதைவிட்டால் வேறு ஆள் இல்லை. கொதிக்கிற டம்ளரைத் தொடாமல் எடுத்துப் போகவும் அதுதான் பிடி. டபராவின் விளிம்பும் டம்ளரின் விளிம்பும் வெளிப்பக்கம் மடிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காபி படாத இடம் அது, அதனால் மற்ற இடத்தைவிடச் சூடு குறைவு, விரல் பொறுக்கும். இதை யோசித்துச் செய்த கன்னான் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நம் ஊரில் சொட்டுகிற பொருள் எதுவானாலும் அடியில் ஏந்துவதற்கு ஒன்று சேர்ந்தே வரும். காமாட்சி விளக்கை அடியில் தட்டு இல்லாமல் ஏற்றுவீர்களா? எண்ணெய்த் தூக்குக்குக் கீழே ஒரு பழைய தட்டு இல்லாத சமையலறை உண்டா? கோயிலில் நெய் ஒழுகும் பொங்கலைத் தொன்னையில் தந்தார்கள். தெற்கே பனங்காட்டில் பதநீர் குடித்தவர்களுக்குப் பட்டை தெரியும். குருத்தோலையைக் குழிவாக மடித்து முனையைக் கட்டித் தருவான். இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து குடிக்க வேண்டும். ஓலை மணமும் சேர்ந்து வரும். கோடையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இன்றும் பதநீர் விற்கிறார்கள். பட்டை கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தது எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் வடியும் பஜ்ஜியைத் தினசரிப் பேப்பரில் வைத்துத் தின்றோம். கட்டியவன் போக நாம் தலைப்புச் செய்தியையும் சேர்த்துத் தின்றோம். அந்த மை உடம்புக்கு ஆகாது என்று 2016-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துவிட்டது. அது ஒழிந்தால் நல்லதுதான், நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். டபரா அந்த வகை இல்லை.

ஏந்துகிற பொருளைக் கடைக்காரர் எடுத்துவிட்டார். சொட்டுவது நின்றுவிட்டதா? இல்லை. அதை இப்போது யார் ஏந்துவது? நம் கை, நம் சட்டை, நம் வேட்டி. கடைக்குக் கழுவுகிற வேலை மிச்சம், நமக்குத் துவைக்கிற வேலை கூடுதல். காபி விலை மட்டும் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

காகிதக் கப்பில் சூடு நேரே விரலுக்கு வருகிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் "ரெண்டு கப்பா போட்டுக் குடுப்பா" என்கிறார்கள். ஒரு காபிக்கு இரண்டு கப்! பக்கவாட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஊறிக் கசியும். ஆற்ற வழியில்லை, எதில் ஊற்றி ஆற்றுவது? ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். சர்க்கரை அடியில் தங்கிவிட்டால் கலக்கவும் முடியாது. (எனக்குச் சர்க்கரை கிடையாது, அது என் டாக்டரும் என் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு.)

மறுதரப்பு வாதங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. கடைக்காரரிடமே நின்று பேசியிருக்கிறேன்.

சுத்தம் என்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது எல்லாக் கடையும் கப்புக்கு மாறியது, அன்றைக்கு அது நியாயம். ஒரே வாளித் தண்ணீரில் நூறு டம்ளரை முக்கி எடுத்த கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரின் நிறத்தை இங்கே எழுத வேண்டாம். ஆனால் அதற்கு மருந்து குழாயும் வெந்நீரும்தானே? காபிக் கடையில் நாள் முழுக்கக் கொதிக்கிற வெந்நீர் வேறெந்தக் கடையில் இருக்கிறது? குளிக்காதவனைக் குளிக்கச் சொல்லாமல், தினம் ஒரு புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொள் என்று சொன்ன கதையாக இருக்கிறது.

அப்புறம் அந்தக் கப்பின் சுத்தத்தையும் பார்ப்போம். பெயர்தான் காகிதம். வெறும் காகிதத்தில் காபி ஊற்றினால் ஊறிப் பிய்ந்துவிடும் அல்லவா? உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இதைச் சோதித்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தை 15 நிமிடம் இந்தக் கப்பில் வைத்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுகின்றன என்றார்கள். நாம் 15 நிமிடமா வைத்துக் குடிக்கிறோம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது உண்மை. ஐந்து நிமிடத்துக்கு எத்தனை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சுத்தம் என்ற பெயரில் அதை நான் வாங்கிக் குடிக்கத் தயாரில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை, படித்தவர்களுக்கே தெரியவில்லை. இந்தக் கப் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். 2018 ஜூன் 5 அன்று சட்டசபையில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தார்கள். நமக்குப் பாலித்தீன் பையும் உறிஞ்சு குழலும்தான் ஞாபகம் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது, கப்புக்கான தடை செல்லும் என்று. தீர்ப்பு வந்த மறுநாளும் நான் இதே கடையில் இதே கப்பில்தான் காபி குடித்தேன். அன்றைய பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே குடித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை பார்த்தது கணக்குப் பிரிவில். கை சும்மா இருக்காது. எங்கள் நாலு பேருக்குக் காலையும் மாலையும் ஒரு கப் வீதம் வருடத்துக்கு 2,920 கப். நாலு கிழவர்களுக்கே இவ்வளவு. தாம்பரம் ஸ்டேஷனில் காலையில் இறங்குகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து நம்மை மாநகராட்சி ஆக்கியிருக்கிறார்கள். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எத்தனை காபிக் கடை, டீக்கடை! பூச்சு ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்தக் கப்பைப் பழைய பேப்பர்க்காரரும் எடுப்பதில்லை. மழைக்கு முன்னால் கால்வாய் தூர்வாரும்போது வந்து பாருங்கள், மண்ணுக்கு அடுத்தபடி வெளியே வருவது இதுதான். 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழுவ ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உண்மையிலேயே கிடைப்பதில்லை. ஆனால் தோசைத் தட்டைக் கழுவ ஆள் கிடைக்கிறதே, அதே கடையில்?

இனி ஒரு விஷயம் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். டபரா டம்ளரைப் பற்றிப் பேசும் எங்களைப் போன்ற வயதானவர்கள் அதைப் பொதுவாக மறந்துவிடுவோம், அதாவது மறந்த மாதிரி இருப்போம்.

அந்த டம்ளர் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. "பிராமணாள் காபி கிளப்" என்று போர்டு தொங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயரை அழிக்கச் சொல்லிப் பெரியார் 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குத் தனியாக வெளியே கவிழ்த்து வைத்த குவளை, அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். என் சொந்த ஊரில் சிறுவனாக நானே பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் நால்வரில் ஒருவர் அந்தக் குவளையைக் கழுவி வைத்த குடும்பத்துக்காரர். டபராவுக்காக நான் கொடி பிடித்தபோது அவர்தான் சொன்னார்: "சார், காகிதக் கப் வந்தப்போ எங்கப்பா சந்தோஷப்பட்டார். எல்லாருக்கும் ஒரே கப்பு, குடிச்சா தூக்கிப் போடறது, யார் வாய் வச்சதுன்னு யாரும் பாக்கல." எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இரண்டு நாள் யோசித்தேன்.

யோசித்த பிறகும் என் கட்சி மாறவில்லை, ஆனால் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. யார் வாய் வைத்தது என்று பார்க்காமலிருக்க ஒவ்வொரு முறையும் பாத்திரத்தையே தூக்கி எறிய வேண்டும் என்றால், அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது, குப்பைத் தொட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. சில ஊர்களில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரும் அவர்களுக்கு மட்டும் தூக்கியெறியும் கப்பும் தந்து, பழைய குவளைக்குப் புது வேஷம் போட்டார்கள் என்று பத்திரிகைகளில் நாமே படித்திருக்கிறோம். நேற்று அவர் குடித்த டபரா கழுவி இன்று எனக்கு வர வேண்டும், நான் குடித்தது நாளை அவருக்குப் போக வேண்டும். நான் கேட்பது அந்த டபராவைத்தான். இதை அவரிடம் சொன்னேன். "அது சரி, கழுவற ஆள் யாருன்னும் பாத்துக்குங்க" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

டபரா ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, இடம் மாறியிருக்கிறது. பெருங்களத்தூர் தாண்டிச் செங்கல்பட்டு நோக்கிக் காரில் போய்ப் பாருங்கள். "கும்பகோணம் டிகிரி காபி" என்று வரிசையாகக் கடைகள். அங்கே பளபளவென்று பித்தளை டபரா வருகிறது. இளைஞர்கள் அதைப் படம் எடுத்துவிட்டுக் குடிக்கிறார்கள். ஏ.சி. ஓட்டல்களிலும் டபரா உண்டு. ஆகக் கழுவ ஆள் இருக்கிறார், வெந்நீரும் இருக்கிறது. காரில் வருகிறவருக்குப் பித்தளை டபரா, நடந்து வருகிறவருக்குக் காகிதக் கப். கை நடுங்குகிறவர் பெரும்பாலும் நடந்து வருகிறவர்தான்.

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று போன மாதம் ஒரு காரியம் செய்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பழைய பாத்திரக் குவியலில் தேடி, கனமான பித்தளை டபரா டம்ளர் இரண்டு செட் வாங்கினேன். "வீட்டுல இருக்கற பாத்திரம் போதாதா?" என்று மனைவி கேட்டாள், பிறகு அவளே புளி போட்டுத் தேய்த்து ஈயம் பூச யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரித்தும் கொடுத்தாள். பூசி வந்ததும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, இதுல ஊத்து."

காபி மாஸ்டர் திகைத்துவிட்டார். "அளவு தெரியாது சார். கப் எண்ணித்தான் கணக்கு. காலையில கப் எத்தனை, ராத்திரி மீதி எத்தனைன்னு ஓனர் பாப்பாரு."

ஆக அந்தக் கப்தான் கல்லாப்பெட்டியின் சாட்சி! கணக்குப் பிரிவுக்காரனான எனக்கு அது உடனே புரிந்தது, மனுஷனைக் கோபிக்கவும் முடியவில்லை. கடைசியில் கப்பில் ஊற்றி, கப்பிலிருந்து என் டபராவில் கவிழ்த்து, கப்பைக் குப்பையில் போட்டார். பின்னால் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அப்படியே பத்து நாள் விடாமல் செய்தேன். மற்ற இருவரும் வீட்டிலிருந்து எவர்சில்வர் செட் கொண்டுவந்து என்னோடு சேர்ந்துகொண்டார்கள். பதினோராம் நாள் ஓனரே கல்லாவில் இருந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் சார் தூக்கிட்டு அலையறீங்க? பரண்ல மூணு டஜன் பழைய செட் கிடக்கு. யாரும் கேக்கல, அதான் எடுக்கல" என்றார்.

"நாங்க கேக்கறோம்" என்றேன்.

"கேக்கறவங்களுக்குக் குடுத்துடலாம் சார். கழுவறதுக்குக் குழாய் போடணும், திங்கக்கிழமை பிளம்பரை வரச் சொல்றேன்."

யாரும் கேட்கவில்லையாம். போர்டு மாட்டிய நாளிலிருந்து நாங்கள் ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஹெச்.எம். சார் மேஜையைத் துடைத்த அன்றைக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிளம்பர் வரவில்லை, புதன்கிழமை வந்தார். குழாய் போட்டாயிற்று. நேற்று மாலை ஹெச்.எம். சார் வீட்டுக்குப் போயிருந்தேன். கடை விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அஞ்சே முக்காலுக்குத்தானே?" என்று கேட்டார்.